இரண்டாவது மேடு

நார்மல் என்று மெஷின் எழுதித் துப்பிய தாளை ஆவுடையம்மாள் கிழித்துக் கையில் எடுத்தாள். சொல்லட்டும், அது அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டு கிடக்கட்டும். இருபத்தாறு வருஷமாக ஈ.சி.ஜி. எடுக்கிறவளுக்கு மெஷின் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்றால் இந்த நாற்காலியில் ஒரு துணிப்பொம்மையை உட்கார வைத்திருக்கலாமே, சம்பளமும் மிச்சம். தாளின் தலையில் துடிப்பு அறுபத்தெட்டு என்று இருந்தது, அதன் கீழே க்யூ.டி. நானூற்று இருபத்தாறு, அதற்கும் கீழே அந்த நார்மல். கட்டிலில் படுத்திருந்த பிள்ளைக்குப் பத்தொன்பது வயது. இசக்கிப்ரியா என்று பேர், பி.காம். கடைசி வருஷம். நேற்றுக் காலையில் விழுந்து இடது மணிக்கட்டு உடைந்து, மாவுக்கட்டுப் போட்ட கை நெஞ்சோரம் கிடந்தது. அந்தக் கையில் கிளிப் மாட்ட இடமில்லாமல் தோளுக்குக் கீழே மாட்டியிருந்தாள். பதினொரு மணிக்கு எலும்புக்குப் பிளேட் வைக்கிறார்கள். பிளேட் வைக்க மயக்கம் கொடுக்க வேண்டும், மயக்கம் கொடுக்க ஹார்ட் நன்றாக இருக்கிறது என்று ஒரு தாள் வேண்டும், அந்தத் தாள் இவள் கையில். மணி பத்து இருபது. பத்தரை தாண்டினால் வார்டு ஆயா தாயம்மா வந்து சார்ட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அதற்குள் தாளை ஒட்டி, ஓரத்தில் ஒரு கையெழுத்துப் போட்டால் இவள் வேலை முடிந்தது. போட்டிருக்கலாம். போடாமல், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அந்த மேடு அவளுக்குப் பிடிக்கவில்லை.

மேடு என்றால் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் தாளில் கூர்மையாக ஒரு கம்பம் எழும்பும், அது இதயம் சுருங்குகிற நேரம். கம்பம் விழுந்து கொஞ்சம் தள்ளி உருண்டையாக ஒன்று எழுந்து அமரும், அது இதயம் செலவழித்த மின்சாரத்தை மறுபடி சேர்த்து வைத்துக்கொள்கிற நேரம். டாக்டர்கள் அதை டி அலை என்பார்கள். பயிற்சிக்கு வருகிற நர்ஸ் பிள்ளைகளுக்கு ஆவுடையம்மாள் மேடு என்றுதான் சொல்லிக்கொடுப்பாள். கம்பம் கிளம்புகிற இடத்திலிருந்து மேடு தரையைத் தொடுகிற இடம் வரை அளந்தால் க்யூ.டி. அது நீண்டுபோனால் ஆபத்து. இதயம் இன்னும் தயாராகாத நேரத்தில் வழிதப்பின துடிப்பு ஒன்று வந்து விழுந்தால் அப்புறம் தாளமே கிடையாது, வெறும் நடுக்கம்தான். படிக்கிற காலத்தில் இது அவள் மண்டையில் ஏறவே இல்லை. வீட்டுக்காரர் பரமசிவம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர், ஒருநாள் சோற்றில் கையை வைத்தபடியே புலம்பினார், இறங்குறவன் இறங்கி முடிக்கதுக்குள்ள ஏறுறவன் முண்டுதான், படிக்கட்டுல ஒருத்தனும் அசைய முடியல, வண்டி நடு ரோட்டுல நிக்கி என்று. அட, இதுதானா க்யூ.டி. என்று அன்றைக்குத்தான் விளங்கியது. இந்தப் பிள்ளையின் தாளில் மேடு ஒன்றாக இல்லை. எழுந்து, லேசாக இறங்கி, மறுபடி ஒரு தடவை எழுந்து, பிறகுதான் தரைக்கு வந்தது. மெஷின் முதல் மேட்டோடு கணக்கை முடித்துக்கொண்டுவிட்டது, சோம்பேறிக் கழுதை. இரண்டாவது மேட்டையும் சேர்த்தால் கணக்கே வேற. ஆனால் சேர்க்கலாமா? அங்கேதான் ஆவுடையம்மாளுக்கு முள் குத்தியது. ஒரே மேடு இரண்டாகப் பிளந்திருக்கிறதா, இல்லை முதல் மேடு முடிந்து, அதற்குப் பின்னால் சம்பந்தமில்லாத வேறொரு குட்டி மேடு வந்து நிற்கிறதா? பின்னால் வருகிற குட்டி மேட்டுக்கு யூ என்று பேர். அதைச் சேர்க்கக்கூடாது. அந்த யூவினால் அவள் பட்ட அவமானம் அவளுக்குத்தான் தெரியும்.

ஆறு வருஷம் ஆச்சு. ரிட்டையர்டு கணக்கு வாத்தியார் ஒருத்தர் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்திருந்தார், தாள் எடுத்தாள், மேட்டுக்குப் பின்னால் மேடு, இரண்டையும் சேர்த்தே எண்ணிவிட்டாள். ஐந்நூற்றுப் பத்து என்று சிவப்பு மையில் எழுதிச் சார்ட்டில் ஒட்டினாள். ஆபரேஷனை நிறுத்தினார்கள். மூன்று நாள் அந்த மனுஷனைப் பட்டினியும் பத்தியமுமாகப் போட்டு, பெரிய டாக்டரை வரவழைத்துக் காட்டினால், அவர் தாளை ஒரு விரலால் தட்டிவிட்டு, இது யூ அலைம்மா, டி இங்கயே முடிஞ்சிட்டே, கோடு தரைக்கு வந்திருக்கு பார் என்றார். வந்துதான் இருந்தது. அன்றைக்கு மேலே ஓடிய மின்விசிறியின் நடுக்கத்தில் தரைக்கோடு கம்பளிப்பூச்சி ஊர்ந்தது போல இருந்ததால் அவள் கண்ணுக்குத் தப்பிவிட்டது. வாத்தியாரின் மகன் ஆஸ்பத்திரி முற்றத்தில் நின்று கத்திய கத்து! அதைவிட வாத்தியார் போகும்போது அவளைக் கூப்பிட்டு, பின்னக் கணக்குல எங்க கோடு போடணும்னு தெரியணும் தாயி என்று அமைதியாகச் சொன்னாரே, அது. அன்றிலிருந்து இந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு யூ டர்ன் அக்கா என்று பேர். மயக்க டாக்டர் மீரான் சார் வைத்த பேர், நல்ல மனுஷன்தான், வாய்தான் சும்மா இருக்காது. கேன்டீனில் டீ ஊற்றுகிறவன் வரைக்கும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டான். அவளும் சிரித்துக்கொண்டுதான் குடித்தாள், என்ன செய்ய, தப்பு தப்புதானே. ஆனால் அந்த வாரமே ஈ.சி.ஜி. புத்தகங்களை வாங்கிப்போட்டு, பழைய தாள்களைக் கட்டுக்கட்டாக வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், யூ எது, பிளந்த டி எது என்று ராப்பகலாகப் பார்த்துத் தீர்த்துவிட்டாள். பரமசிவம்கூடக் கேட்டார், நீ டாக்டருக்குப் படிக்கியா ஆவுடைன்னு. இன்றைக்கு அவளை ஏமாற்ற வேண்டுமென்றால் அந்த யூ கொஞ்சம் கஷ்டப்பட வேண்டியிருக்கும்.

எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினாள். அந்தச் சத்தம் போனதும் அறைக்குள் வெயில் வந்து உட்கார்ந்துகொண்டது போலிருந்தது. இன்னொரு தாள் எடுப்போம்ட்டி, ஆடாம படு என்றாள். ஜெல் தடவிய இடம் குளிருது என்று பிள்ளை நெளிந்து சிரித்தது. நல்ல பிள்ளை, கண்ணில் பயம் இல்லை, காலில் மருதாணி பாதி அழிந்திருந்தது. எப்படிட்டி விழுந்தே என்று சும்மாதான் கேட்டாள், வாய் பேச வைத்தால் தோள் இறுக்கம் தளரும் என்பதற்காக. போன்ல அலாரம் அடிச்சிது அத்தே, பதறி எந்திரிச்சேன், அதுக்கப்புறம் தெரியல, கண்ணு முழிச்சா கை உடைஞ்சு கிடக்கு என்றது பிள்ளை. ஆவுடையம்மாளின் கை ஜெல் பாட்டில் மேலேயே நின்றுவிட்டது. இதுக்கு முந்தி விழுந்திருக்கியா? ரெண்டு தடவை. பத்தாங் கிளாஸ்ல பி.டி. சார் காதுப்பக்கத்துல விசில் ஊதினாவ, அன்னைக்கி ஒண்ணு. போன வருஷம் அடுப்படியில குக்கர் விசில் அடிச்சப்போ ஒண்ணு. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டது. ஐயோ, இதைச் சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருக்கா அத்தே, நீங்க எழுதிராதிய. வலிப்புன்னு மதுரையில போய்க் காட்டி மாத்திரை சாப்பிடுதேன், இங்க காட்டினா ஊருக்குத் தெரிஞ்சிரும்னு. அடுத்த மாசம் பொண்ணு பாக்க வருதாவ. காலையில நர்ஸக்கா கேட்டாவ, ஃபிட்ஸ் உண்டான்னு. எங்கம்மா டக்குன்னு, ஃபிட்டாத்தாம்மா இருக்கா, நல்லா ஓடியாடி வேலை செய்வான்னுட்டா. அவியளும் இல்லன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாவ. இதைச் சொல்லும்போது பிள்ளை சிரித்தது, ஆவுடையம்மாளும் சிரித்துவிட்டாள், சிரித்து முடிக்கிறதற்குள்ளே விரல் விட்டு எண்ணத் தொடங்கிவிட்டாள். விசில், குக்கர், அலாரம். மூன்றும் சத்தம். வலிப்புக்காரிக்குச் சத்தம் எதுக்கு? வலிப்பு அது பாட்டுக்கு வரும், சாப்பிடும்போது வரும், சும்மா உட்கார்ந்திருக்கும்போது வரும். திடுக்கிட்டால் மட்டும் விழுகிறவள் மூளையினால் விழவில்லை.

தாளை மேஜையில் விரித்து, நான்கு பக்கமும் பசை ஒட்டும் டப்பா, ஸ்டேப்ளர் என்று கையில் கிடைத்ததைப் பாரம் வைத்தாள். பழைய தாள் ஒன்றை எடுத்து விளிம்பு நேராக வரும்படி மடித்தாள். இதுதான் அவள் முறை. ஸ்கேலை நம்பமாட்டாள், கவராயத்தை நம்பமாட்டாள். மடித்த விளிம்பைத் தரைக்கோட்டில் வைத்து, கம்பம் கிளம்புகிற இடத்தில் பென்சிலால் ஒரு குறி, மேடு முடிகிற இடத்தில் ஒரு குறி, அந்த விளிம்பை அப்படியே நகர்த்தி அடுத்த துடிப்பில் வைத்துப் பார்ப்பது, அதற்கடுத்ததில் வைத்துப் பார்ப்பது. ஒரு துடிப்பு பொய் சொல்லும், பத்துத் துடிப்பும் சேர்ந்து பொய் சொல்லாது. மின்விசிறி இல்லாத தரைக்கோடு துடைத்த கண்ணாடியாட்டம் கிடந்தது. முதல் மேடு எழுந்தது, இறங்கியது, எங்கே வரைக்கும் இறங்கியது? மூக்கைத் தாளில் ஒட்டிவைத்துப் பார்த்தாள். தரைக்கு வரவில்லை. பாதி வழியில் நின்று மறுபடி ஏறிவிட்டது. வாத்தியாரின் மேடு தரையைத் தொட்டுவிட்டு எழுந்தது, இது தொடவில்லை. சரி, ஆனால் சில யூக்களும் முழுசாகத் தரை தொடாமல் ஒட்டிக்கொண்டு வரும் என்று படித்திருக்கிறாளே? படித்திருக்கிறாள். அது நெஞ்சில் ஒட்டுகிற ஆறு கம்பிகளில் இரண்டாவது, மூன்றாவதில்தான் பெரிதாகத் தெரியும், ஐந்தாவதில் அமுங்கிப்போகும். ஐந்தாவதைப் பார்த்தாள். அமுங்கவில்லை, இரண்டாவது மேடு முதலாவதை விடப் பெரிதாக எழுந்து நின்றது. யூவாவது பூவாவது! இது டி தான், ஒரே மேடுதான், நடுவில் கொஞ்சம் அமுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கம்பத்திலிருந்து இரண்டாவது மேட்டின் கடைசி வரை சின்னக் கட்டங்களை எண்ணினாள், பன்னிரண்டரை. மறுபடி எண்ணினாள், பன்னிரண்டரை. கட்டத்துக்கு நாற்பது மில்லிசெகண்டு, ஆக ஐந்நூறு. துடிப்புக்குத் துடிப்பு இருபத்திரண்டு கட்டம், அந்த வேகத்துக்கு ஈடுகட்டினால் ஐந்நூற்று முப்பத்துமூன்று. பொம்பளைக்கு நானூற்று அறுபது தாண்டினாலே கண்ணைத் திறந்துகொள்ள வேண்டும். ஐந்நூறு தாண்டினால் எழுந்து ஓட வேண்டும். ஓடுவதற்குப் பதிலாக ஆவுடையம்மாள் உட்கார்ந்து, தாளின் ஓரத்தில், நீல மையில், நிதானமாக 533 என்று எழுதினாள்.

எழுதின பிறகுதான் பயம் வந்தது, அதுவும் பாதி அவளைப் பற்றின பயம். இன்றைக்கும் தப்பானால்? இன்னொரு மகன், இல்லை இந்தப் பிள்ளையின் அம்மா, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற முப்பிடாதி, முற்றத்தில் நின்று கத்தலாம். கத்தட்டும். மீரான் சார் புதிசாக ஒரு பேர் வைப்பார், வைக்கட்டும். இரண்டு வருஷத்தில் ரிட்டையர்மென்ட், பேரைச் சுமந்துகொண்டே வீட்டுக்குப் போய்ச் சேரலாம். சரி, சொல்லாமல் விட்டால்? நார்மல் என்று மெஷினே எழுதியிருக்கிறது, கையெழுத்துப் போட்டால் ஒருத்தரும் அவளைக் குறை சொல்ல முடியாது. பிள்ளை தியேட்டருக்குப் போகும். மயக்கம் கொடுப்பார்கள், வாந்தி வராமல் இருக்க ஒரு ஊசி போடுவார்கள். அந்த ஊசி க்யூ.டி.யை இன்னும் இழுத்துவிடும், அவளுக்குத் தெரியும், மீரான் சாரே நர்ஸ் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது கேட்டிருக்கிறாள். ஏற்கெனவே ஐந்நூற்று முப்பத்துமூன்று. அப்புறம் எவனாவது கையிலிருந்து ஒரு எஃகுத் தட்டைக் கீழே போடுவான், ணங் என்று. அந்த நிமிஷத்தில்தான் சுவரில் தொங்கிய டெலிபோன் கண்ணில் பட்டது. பழைய போன், அடித்தால் மூன்று அறைக்குக் கேட்கும், தினமும் ஐம்பது தடவை அடிக்கும். நல்லவேளை, இத்தனை நேரம் அடிக்கவில்லை. பூனை நடை நடந்துபோய் ரிசீவரை எடுத்துக் கீழே தொங்கவிட்டாள். தன் செல்போனை ஊமையாக்கினாள். மெஷினின் பீப் சத்தத்தை நிறுத்தினாள். கதவை மெல்லச் சாத்திக் கீழே ஒரு துணியைச் செருகினாள். என்ன அத்தே செய்யுதிய என்று பிள்ளை கேட்டது. ஒண்ணுமில்லட்டி, உன் கோடு வெட்கப்படுது, அதான் கதவைச் சாத்துதேன் என்றாள். பிறகு சட்டென்று நினைவு வந்து கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து முப்பத்திரண்டு. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். பத்து நாற்பதுக்கு இன்டர்வெல் மணி. கரண்ட் மணி, அடித்தால் காது கிழியும், வருஷக்கணக்காக அவள் டீ குடிக்கக் கிளம்புவதே அந்த மணிக்குத்தான்.

மீரான் சாரைச் செல்லில் கூப்பிட்டாள், வாயைக் கையால் மூடிக்கொண்டு. சார், பதினொரு மணிக் கேஸ், மணிக்கட்டுப் பிள்ளை, க்யூ.டி. ஐந்நூத்தி முப்பத்திமூணு. மெஷின் என்னக்கா சொல்லுது? நானூத்தி இருபத்தாறு சார். அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது, என்னக்கா, மறுபடியும் யூ டர்னா? ஆவுடையம்மாளுக்குச் சுருக்கென்று ஏறியது, ஏறினாலும் குரல் ஏறவில்லை, ஏற விடக்கூடாது, பிள்ளை பக்கத்தில் படுத்திருக்கிறது. இல்ல சார், இன்னைக்கி நேர் ரோடு. மேடு பிளந்திருக்கு, தரை தொடல, அஞ்சாவது கம்பியில இன்னும் பெருசா இருக்கு. சத்தம் கேட்டு மூணு தடவை விழுந்திருக்கா, வலிப்புன்னு மாத்திரை சாப்பிடுதா, அம்மா மறைச்சிருக்காவ. நான் கையெழுத்துப் போடல, சார்ட்டும் தரமாட்டேன், நீங்க வந்து பாருங்க. வரும்போது ஐ.சி.யூ. ஷாக் மெஷினையும் உருட்டிட்டு வாங்க. சிரிப்பு நின்றது. பத்து நிமிஷம், இந்தக் கேஸை முடிச்சிட்டு வாரேன், அவளைக் கட்டில்லேர்ந்து எந்திரிக்க விடாதிய என்றார். வைத்த கையோடு கதவு அசைந்தது, தாயம்மா, தட்டப் போகிறாள் என்று தெரிந்து ஆவுடையம்மாள் பாய்ந்துபோய்த் திறந்தாள். சார்ட் குடுங்க அக்கா, என்ன போன் எப்பவும் எங்கேஜ்டு என்று அவள் தொண்டையைத் திறந்தாள். ஆவுடையம்மாள் ஒரு கையால் அவள் வாயைப் பொத்தி, இன்னொரு கையால் தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பினாள். தாயம்மா வாசலில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள், அக்காவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று வார்டு முழுக்கச் சொல்லுவாள். சொல்லிட்டுப் போகட்டும்.

பத்து முப்பத்தெட்டு. ஜன்னலை அடைத்தாள், போதாது, ஜன்னலை அடைத்தாலும் அந்த மணி சுவரைத் துளைத்துக்கொண்டு வரும். பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்ப நேரமில்லை. பிள்ளையை வேறு அறைக்குக் கூட்டிப்போகலாமென்றால் எந்திரிக்க விடக்கூடாது என்று சார் சொல்லிவிட்டார். என்ன செய்ய, என்ன செய்ய என்று மனசு தறியாட்டம் அடித்தது. கொஞ்சம் நில்லுட்டி ஆவுடை, யோசி. இவள் சத்தத்துக்கு விழவில்லை, திடுக்கிட்டதுக்கு விழுந்தாள். தெரிந்து வருகிற சத்தம் திடுக்கிட வைக்காது. அவ்வளவுதானே? அவ்வளவுதான், அப்படித்தான் இருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துக் கட்டிலோரம் போட்டு உட்கார்ந்தாள். ஏ பிள்ளே, இப்ப அடுத்தாப்புல பள்ளிக்கூடத்து மணி அடிக்கும். உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் பத்திலேர்ந்து பின்னால எண்ணுதேன், நீயும் கூட எண்ணு. ரெண்டு கையாலயும் உன் காதைப் பொத்திக்கிடுதேன். பிள்ளையின் தலைமுடியில் தேங்காயெண்ணெய் வாசனை, காது சூடாக இருந்தது. மெஷினை முன்னமே ஓட விட்டிருந்தாள், தாள் மடிமடியாக இறங்கியது. பத்து, ஒன்பது, எட்டு. கடிகாரம் ஒரு நிமிஷம் முந்தியோ பிந்தியோ ஓடினால்? மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணி முடித்தும் மணி அடிக்கவில்லை. பிள்ளை கண்ணைத் திறந்து, அடிக்கலையே அத்தே என்று சிரிக்கப் பார்த்தது, சிரிக்காதட்டி, மறுபடி எண்ணு, பத்து, ஒன்பது. ஏழில் அடித்தது. எல்லாம் சரியாகத்தான் போனது, பிள்ளை கண்ணை இறுக்கிக்கொண்டு ஆறு, ஐந்து என்று எண்ணிக்கொண்டே இருந்தது, உதடு நடுங்கியது, நிறம் மாறவில்லை. ஆவுடையம்மாள் அதற்கு மேல் முகத்தைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தாள். இரண்டாவது மேடு பெரிசாகியது, இன்னும் பெரிசாகியது, அதன் தோளிலேயே, இருக்கக் கூடாத இடத்தில், அகலமாக ஒரு துடிப்பு வந்து விழுந்தது. ஒன்றே ஒன்று. அதற்குப் பின்னால் கொஞ்சம் இடைவெளி. பிறகு கம்பம், மேடு, கம்பம், மேடு என்று வழக்கமான வரிசை. மணி நின்றது. பொடிசுகள் கத்திக்கொண்டு மைதானத்துக்கு ஓடுகிற சத்தம் கேட்டது.

மீரான் சார் ஷாக் மெஷினைத் தாமே தள்ளிக்கொண்டு வந்தார், முகமூடி தாடையில் தொங்கியது. தாளை வாங்கி, ஐந்தாவது கம்பியைப் பார்த்தார், மணியடித்தபோது ஓடிய தாளைப் பார்த்தார், அந்த ஒரு துடிப்பின் மேல் விரலை வைத்தார். இந்த யூவுக்கு நான் ஆறு வருஷமா உங்களைக் கேலி பண்ணேன்லக்கா என்று மட்டும் மெல்லச் சொன்னார். ஆவுடையம்மாளுக்குக் கண் கரித்தது, இந்த நேரத்துக்கு இது தேவையா என்று தன்னையே திட்டிக்கொண்டு, அம்மாவைக் கூப்பிடுதேன் சார் என்றாள். முப்பிடாதி உள்ளே வந்து, மகளையும் டாக்டரையும் சக்கரம் வைத்த மெஷினையும் மாறிமாறிப் பார்த்தாள். சின்ன உருவம், காதில் கல் வைத்த கம்மல், கையில் ஒரு தூக்குவாளி. என்ன சார், ஆப்பரேசன் இல்லியா? பொண்ணு பாக்க வருதாவ சார், அதுக்குள்ள கை சரியாகணும். சார் ஸ்டூலை இழுத்து அவளை உட்கார வைத்தார். மக எல்லாத்தையும் சொல்லிட்டா, அவளை ஏசாதிய. அவளுக்கு வலிப்பு இல்லம்மா. முப்பிடாதி தூக்குவாளியைத் தரையில் வைத்தாள். இல்லியா? இல்ல. வலிப்பே இல்லியா சார்? இல்லவே இல்ல. அவள் எழுந்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள், அழுதாள், சிரித்தாள், மகளின் காலைப் பிடித்துக்கொண்டாள். அப்போ அதை ஒரு தாள்ல எழுதித் தருவியளா சார், ஆஸ்பத்திரி சீல் வச்சு? என்று கேட்டாள். மீரான் சார் ஆவுடையம்மாளைப் பார்த்தார், நீங்களே சொல்லுங்கக்கா என்கிற மாதிரி.

ஆவுடையம்மாள் சொன்னாள். ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயம் கொஞ்சம் இளைப்பாறும், உங்க மகளுக்கு அந்த இளைப்பாறுற நேரம் ரொம்ப நீளம், அந்த நேரத்துல திடுக்குன்னா தாளம் தப்பிரும், அதான் விழுதா. மூளையில ஒண்ணுமில்ல. இதுக்கு மாத்திரை உண்டு, தினம் போட்டா நல்லாருப்பா, கல்யாணம் பண்ணலாம், பிள்ளை பெறலாம், சில மருந்து மட்டும் ஆகாது, வீட்டுல திடுக்குன்னு அடிக்கிற சத்தம் ஆகாது. ஆப்பரேசனும் செய்யலாம், இன்னைக்கி வேண்டாம், ஹார்ட் டாக்டர் பார்த்த பிறகு. முப்பிடாதி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள், கல்யாணத்துக்குக் கூடுதலாக ஒரு தடவை ஆட்டினாள். சார் குறிப்பு எழுதிக்கொண்டே, இது குடும்பத்துல வர்றதும்மா, உங்க வழியிலயோ வீட்டுக்காரர் வழியிலயோ யாருக்காவது இருந்திருக்கும், யாராவது இப்படி விழுறது உண்டா என்று கேட்டார். அப்படி யாருமில்ல சார், அவிய அப்பா வழியில எல்லாம் திடகாத்திரம். எங்க வீட்டுல ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல, நான்தான் பயந்தாங்கொள்ளி, சின்னதுலேர்ந்தே. வேட்டுச் சத்தம் கேட்டா அங்கனயே சுருண்டு விழுவேன், தண்ணி தெளிச்சு எழுப்புவாவ. என் கல்யாணத்தன்னைக்கி மேளக்காரன் பக்கத்துல வந்து ஒரு தட்டுத் தட்டினான் பாருங்க, மணவறையிலயே சாஞ்சிட்டேன், மாப்பிள்ளை வீட்டுல எல்லாரும் சிரிச்ச சிரிப்பு இன்னைக்கும் சொல்லுவாவ. சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். மற்ற மூன்று பேரும் சிரிக்கவில்லை. முதலில் பிள்ளைதான் எழுந்தது, டாக்டர் கையைப் பிடித்து மெல்ல இறக்கி ஸ்டூலில் உட்கார வைத்தார். ஆவுடையம்மாள் கிளிப்புகளைத் துடைத்தாள், மெஷினில் புதுப் பேர் அடித்தாள், கட்டில் விரிப்பைத் தட்டிப் போட்டாள். தங்கச்சி, தூக்குவாளியை அங்கன வச்சிட்டு ஏறிப் படுங்க. எனக்கு எதுக்குக்கா, எனக்கு வெறும் பயம்தானே? உங்களுக்கு வயசு என்ன? நாப்பத்திமூணு. ஆவுடையம்மாள் அதையும் அடித்தாள். பயந்தாங்கொள்ளியாம்ல! நாப்பத்திமூணு வருசம் இதைத் தூக்கிக்கிட்டு நடந்திருக்கிய, உங்களை மாதிரித் தைரியசாலியை நான் பார்த்ததில்ல, படுங்க என்று சொல்லி, முப்பிடாதியின் கண்ணாடி வளையல்களை மெல்ல மேலே தள்ளிவிட்டு, மணிக்கட்டில் முதல் கிளிப்பை மாட்டினாள்.